கூரை மேல் விளக்கு

2023 அக்டோபர் 16, திங்கட்கிழமை பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டதால் மடிக்கணினியின் ஒலியை மிகவும் குறைத்து வைத்துக்கொண்டு, பாரிஸில் பிரான்சும் தென்னாப்பிரிக்காவும் மோதிய ரக்பி உலகக் கோப்பைக் காலிறுதியைப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் அலுவலகம் உண்டு என்ற குற்றவுணர்வு கொஞ்சம் இருந்தது. முதல் பாதியில் பிரான்ஸ் உதைத்த ஒரு பந்தைத் தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லம்சே தன் பக்கத்து 22 மீட்டர் கோட்டுக்குள் நேரடியாகக் கைப்பிடித்து ‘மார்க்’ என்று குரல் கொடுத்தார். அப்படிக் குரல் கொடுத்தவருக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைக்கும். எதிரணி விலகி நிற்க, பந்தை நிதானமாக உதைத்துத் தூர அனுப்பிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நான் பார்த்த அத்தனை ஆட்டங்களிலும் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். வில்லம்சேயோ கையசைத்து, தனக்கு ஸ்க்ரம் வேண்டும் என்றார்.

ரக்பி பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. இரு தரப்பிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டிக்கொண்டு குனிந்து, ஒரு தரப்பை இன்னொரு தரப்பு நெட்டித் தள்ளுவதுதான் ஸ்க்ரம். ஏறத்தாழ ஒரு டன் எடை இந்தப் பக்கம், ஒரு டன் எடை அந்தப் பக்கம். தன் கோல் கோட்டுக்கு அருகில் ஒருவர் அதை வேண்டி விரும்பிக் கேட்பது, வெள்ளம் வரும் வேளையில் வாசல் கதவைத் திறந்து வைப்பது போன்றது. ஆனால் பிரான்சின் கனத்த முன்களத்தாரை, அதாவது ஸ்க்ரமில் தள்ளும் அந்த எட்டுப் பேரை, திரும்பத் திரும்பக் குனிய வைத்துக் களைப்படையச் செய்தால் கடைசி இருபது நிமிடங்களில் அதன் பலன் கிடைக்கும் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்கா 29-28 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றது.

அந்த ‘யாரோ’ என்பவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவர் பெயர் யோஹான் எராஸ்மஸ்; உலகம் அறிந்த பெயர் ராஸி. அன்று அவர் தலைமைப் பயிற்சியாளர்கூட இல்லை, தென்னாப்பிரிக்க ரக்பி வாரியத்தின் ரக்பி இயக்குநர். ஆட்டக்காரராகத் தொடங்கி இயக்குநரான அவருடைய வாழ்க்கையை நான்கைந்து ஆண்டுகளாகப் படித்தும் பார்த்தும் வருகிறேன். கோடு தாண்டி மைதானத்துக்கு வெளியே வந்துவிட்ட ஒரு மனிதர், உள்ளே இருப்பவர்களுக்கு எப்படியாவது செய்தி அனுப்பிவிட வேண்டும் என்று கடந்த இருபது ஆண்டுகளாகத் தவித்துக்கொண்டிருக்கிறார் என்பதே அதில் எனக்குத் தெரிந்த ஒற்றைச் சரடு.

எராஸ்மஸ் 1972 நவம்பர் 5 அன்று ஈஸ்டர்ன் கேப் பகுதியிலுள்ள டெஸ்பாச் என்னும் சிறிய ஊரில் பிறந்தார். செங்கற்சூளைகள் நிறைந்திருந்த ஊர் அது. இரயிலேற்றிச் செங்கல் அனுப்பிய இடம் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள். ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும் வெள்ளைத் தொழிலாளர்களின் ஊர். அங்கிருந்து ப்ளூம்ஃபோன்டெய்ன் போய், ஃப்ரீ ஸ்டேட் அணிக்காக ஆடிப் பெயரெடுத்தார். அவர் ஃப்ளாங்கர், அதாவது ஸ்க்ரமின் ஓரத்தில் பிணைந்திருந்துவிட்டு, பந்து வெளியே வந்த மறுகணம் முதல் ஆளாக அதன் பின்னால் ஓட வேண்டியவர். பந்து அடுத்து எங்கே போகும் என்பதை ஒரு கணம் முன்னதாகவே படித்தறியத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த இடம் வாய்க்கும்.

நாட்டுக்காக முதலில் ஆடியது 1997-இல், ஜோஹானஸ்பர்கின் எல்லிஸ் பார்க்கில், பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து அனுப்பும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிரான மூன்றாவது டெஸ்டில் (ரக்பியில் சர்வதேச ஆட்டத்துக்கு டெஸ்ட் என்றுதான் பெயர்). தொடர் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. அந்த ஆட்டத்தை மட்டும் தென்னாப்பிரிக்கா 35-16 என்று வென்றது. லயன்ஸ் மீது அவருக்குள்ள கணக்கு அங்கே தொடங்கியது என்று சொல்லலாம்; அது எப்படி முடிந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். அடுத்து நிக் மாலெட்டின் பயிற்சியில் தென்னாப்பிரிக்கா தொடர்ந்து 17 டெஸ்ட்களை வென்ற காலத்தில் எராஸ்மஸ் அந்த அணியின் முக்கியத் தூண்களில் ஒருவர். 1999 ஆகஸ்டில் கேப் டவுனில் ஆஸ்திரேலியாவை 10-9 என்று வென்ற ஒரே ஒரு டெஸ்டில் தலைவராகவும் இருந்தார். அதே ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில் அதே ஆஸ்திரேலியாவிடம், கூடுதல் நேரத்தில், 27-21 என்று தோற்ற அணியிலும் இருந்தார். 2001 வரை மொத்தம் 36 டெஸ்ட்கள். அதன் பின் காயங்கள் மிச்சத்தைத் தின்றுவிட்டன.

ஆட்டக்காரராக அவர் மிகச் சிறந்தவர்தான், ஆனால் 36 டெஸ்ட் ஆடியவர்களைத் தென்னாப்பிரிக்கா எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறது. என் கவனத்தைப் பிடித்தது வேறொன்று. மற்றவர்கள் ஆட்டம் முடிந்ததும் காலை நீட்டிப் படுத்துக்கொண்ட காலத்தில், ஆட்டப் பதிவுகளைக் கணினியில் துண்டு துண்டாக வெட்டி வைத்து, எந்த அணி எந்த இடத்தில் எதைச் செய்கிறது என்று குறிப்பெடுக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. இன்று ஒவ்வொரு அணியிலும் அதற்கென்றே நான்கைந்து பேர் சம்பளம் வாங்குகிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஃப்ளாங்கர் அதைச் செய்வதை உடன் ஆடியவர்கள் விசித்திரமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

கால் ஒத்துழைக்க மறுத்ததும், இடைவெளி ஏதுமின்றி, அதே ஃப்ரீ ஸ்டேட்டின் பயிற்சியாளரானார். இங்கேதான் தலைப்பில் சொன்ன விளக்குகள் வருகின்றன. கால்பந்தில் பயிற்சியாளர் எல்லைக்கோட்டின் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தலாம். ரக்பியில் அவருடைய இடம் பார்வையாளர் மாடத்தின் உயரத்தில் உள்ள ஓர் அறை. கீழே நடப்பது அத்தனையும் அங்கிருந்து தெளிவாகத் தெரியும், ஆனால் கீழே இருப்பவர்களிடம் ஒரு சொல் சொல்ல முடியாது. எராஸ்மஸ் ப்ளூம்ஃபோன்டெய்ன் அரங்கின் கூரையில் ஏறி உட்கார்ந்தார். கையில் மேடை விளக்குகளைப் போன்ற வண்ண விளக்குகள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பொருள். கீழே ஆடுபவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு தொழில்முறை அணியின் பயிற்சியாளர் கூரையில் அமர்ந்து கலர் விளக்குப் போடுகிறார் என்று ஊரே சிரித்தது. 2005-இல் அந்த அணி கரி கோப்பை என்னும் உள்நாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் ப்ளூ புல்ஸை அவர்களுடைய பிரிட்டோரியாவிலேயே 29-25 என்று வீழ்த்தியது. ஃப்ரீ ஸ்டேட்டுக்கு 1976-க்குப் பிறகு கிடைத்த முதல் கரி கோப்பை அது. எராஸ்மஸுக்கு அப்போது 33 வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த ஆண்டு இறுதியாட்டம் 28-28 என்று சமனில் முடிந்து, கோப்பையை இரு அணிகளும் பகிர்ந்துகொண்டன.

கேப் டவுனின் ஸ்டார்மர்ஸ் அணியில் அவர் கழித்த ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அங்கேதான் அன்றாடப் பயிற்சியை ஆலிஸ்டர் கூட்சியிடம் கொடுத்துவிட்டு, அதற்கு மேலே இருந்து முழு அமைப்பையும் பார்க்கிற பொறுப்புக்கு அவர் நகர்ந்தார். 2012-இல் தேசிய வாரியத்துக்குப் போனபோதும் வேலை அந்த வகைதான்: எல்லா வயதுப் பிரிவு அணிகளுக்குமான உயர்திறன் துறையின் மேலாளர். பயிற்சியாளர் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். இயக்குநர் அடுத்த நான்கு ஆண்டுகளில் யார் எந்த இடத்தில் ஆடப் போகிறார், அவரை யார் வளர்க்கிறார், பணம் எங்கிருந்து வருகிறது என்று கவலைப்படுகிறார். இந்த இரண்டு கவலைகளும் ஒரே தலைக்குள் குடியிருக்க முடியும் என்பதற்கு எராஸ்மஸைத் தவிர அதிகம் எடுத்துக்காட்டுகள் இல்லை.

2016 ஜூலையில் அவர் அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிக்கு ரக்பி இயக்குநராகப் போனார். கூடவே, ப்ளூம்ஃபோன்டெய்ன் நாட்களில் இயன்முறை சிகிச்சையாளராக இருந்து பிறகு தடுப்பாட்டப் பயிற்சியாளராக மாறிய ஜாக் நீனாபரையும் அழைத்துச் சென்றார். தலைமைப் பயிற்சியாளர் ஆன்டனி ஃபோலி. 2006-இல் மன்ஸ்டர் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது தலைவராக இருந்தவர், அந்த மண்ணின் பிள்ளை. அக்டோபர் 16 அன்று, ரேஸிங் 92 அணியுடனான ஆட்டத்துக்காகப் பாரிஸ் போயிருந்த இடத்தில், தங்கும் விடுதியில் தூக்கத்திலேயே ஃபோலி இறந்துபோனார். வயது 42.

அடுத்த சனிக்கிழமை லிமரிக்கின் தோமண்ட் பார்க்கில் கிளாஸ்கோவுடன் ஆட்டம். ஃபோலி ஆடிய காலத்தில் அணிந்தது 8-ஆம் எண் சட்டை. அன்று மன்ஸ்டர் அந்த எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் ஆடிய சி. ஜே. ஸ்டாண்டர் 24 என்று எழுதிய சட்டையோடு இறங்கினார். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே கீத் ஏர்ல்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மிச்ச நேரம் முழுவதையும் 14 பேராகவே ஆடி 38-17 என்று வென்றார்கள். வந்து நான்கு மாதம்கூட ஆகாத ஓர் அயல்நாட்டுக்காரர், தாம் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் வேலையோடு இறந்தவரின் வேலையையும் சேர்த்துத் தூக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு மன்ஸ்டர் ஐரோப்பியக் கோப்பையில் அரையிறுதி வரையும், ப்ரோ 12 போட்டியில் இறுதியாட்டம் வரையும் போனது. இரண்டிலும் தோற்றார்கள். ஆனால் எராஸ்மஸின் கோப்பைகளையெல்லாம் பட்டியலிடுபவர்கள் இந்தக் கோப்பையில்லாத ஆண்டைத் தாண்டிப் போய்விடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. விளக்குகளாலும் கணினியாலும் சொல்ல முடியாதது ஒன்று உண்டு, அதை நேரில் முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அவர் வெளிநாட்டில் இருந்தபோது தென்னாப்பிரிக்க அணி சிதறிக் கிடந்தது. 2016 நவம்பரில் இத்தாலியிடம் 20-18 என்று தோல்வி. 2017 செப்டம்பரில் நியூசிலாந்திடம் 57-0. அந்த இரண்டாவது எண்ணைத் தென்னாப்பிரிக்கர்கள் இன்றும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆண்டு இறுதியில் எராஸ்மஸை இயக்குநராக அழைத்து வந்த வாரியம், அப்போது தலைமைப் பயிற்சியாளராக இருந்த கூட்சி விலகியதும் 2018 மார்ச்சில் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தது. உலகக் கோப்பைக்கு மிச்சமிருந்தது ஒன்றரை ஆண்டு.

அவர் செய்த முதல் பெரிய காரியம் இயக்குநராகச் செய்தது, பயிற்சியாளராக அல்ல. வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடுபவர்கள் நாட்டு அணிக்கு வர வேண்டுமானால் குறைந்தது 30 டெஸ்ட்கள் ஆடியிருக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. அதைத் தளர்த்தி, பிறகு அடியோடு எடுத்துவிட்டார்கள். அந்த வாசல் திறந்ததால்தான் துலூஸில் ஆடிக்கொண்டிருந்த செஸ்லின் கோல்பி போன்றவர்கள் உள்ளே வர முடிந்தது. விதிப்புத்தகம் அவருக்கு எப்போதும் இப்படித்தான்: பத்திரம் எழுதுபவர் நிலப் பத்திரத்தைப் படிப்பது போல, எந்த வரியில் எந்த இடைவெளி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் படிப்பார்.

இரண்டாவது காரியம், சியா கொலிசியைத் தலைவராக்கியது. கொலிசி பிறந்தது ஸ்வீடே என்னும் கறுப்பினக் குடியிருப்பில். டெஸ்பாச்சிலிருந்து அதிகத் தொலைவில்லை. ஆனால் எராஸ்மஸ் வளர்ந்த காலத்துச் சட்டப்படி அவ்விரண்டும் வெவ்வேறு உலகங்கள். குடிமக்களை நிறத்தால் வகைப்படுத்திய சட்டம் நீக்கப்பட்டதற்கு முதல் நாள், 1991 ஜூன் 16 அன்று, பிறந்தவர் கொலிசி. 2018 ஜூன் 9 அன்று எல்லிஸ் பார்க்கில், தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின டெஸ்ட் தலைவராக அவர் அணியை இட்டுச் சென்றார். இருபது நிமிடத்துக்குள் இங்கிலாந்து 24-3 என்று முன்னேறிவிட்டது. அந்த நிலையிலிருந்து மீண்டு 42-39 என்று வென்றார்கள். எராஸ்மஸ் முதன்முதலில் பச்சைச் சட்டை போட்ட அதே மைதானம்.

2019 நவம்பர் 2 இறுதியாட்டம் நம் ஊர் நேரத்துக்குச் சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வந்தது. நான் முழுதாக உட்கார்ந்து பார்த்த முதல் ரக்பி ஆட்டம் அதுதான். சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்கும் வேளையில் சும்மா அலைவரிசை மாற்றியபோது அகப்பட்டது. இங்கிலாந்தின் முன்வரிசை ஒவ்வொரு ஸ்க்ரமிலும் பின்னுக்கு நகர்ந்ததை விதி தெரியாமலேயே புரிந்துகொள்ள முடிந்தது. 32-12. குழுச் சுற்றில் ஓர் ஆட்டம் தோற்ற அணி உலகக் கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. வெற்றிக்குப் பின்னால் இருந்த சூத்திரத்துக்குப் பிற்பாடு ‘பாம்ப் ஸ்குவாட்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. மாற்று வீரர்களாக எட்டுப் பேரை வைத்துக்கொள்ளலாம். பொதுவாக ஐந்து முன்கள வீரர்கள், மூன்று பின்கள வீரர்கள். எராஸ்மஸ் ஆறும் இரண்டுமாக வைத்தார். எதிரணியின் முன்களம் தளரும் நேரத்தில் ஏறத்தாழ அதே தரத்தில் புத்தம் புதிய முன்களம் ஒன்று உள்ளே இறங்கும். இது பாதுகாப்புக்கு ஆபத்து, ஆட்டத்தின் இயல்புக்குப் புறம்பானது என்று கண்டனங்கள் வந்தன. எனக்கு அவற்றில் நியாயம் தெரியவில்லை. பின்கள வீரர்கள் மூன்று பேர் காயப்பட்டால் தன் அணிதான் திண்டாடும் என்ற ஆபத்தை அவர் தலைமேல் ஏற்றுக்கொண்டுதானே செய்தார்?

கோப்பைக்குப் பின் தலைமைப் பயிற்சியாளர் பதவியை நீனாபரிடம் கொடுத்துவிட்டு மீண்டும் இயக்குநராக மட்டும் இருந்தார். யார் உண்மையான பயிற்சியாளர் என்ற கேள்வி அந்த நான்கு ஆண்டுகளும் கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 2021-இல் லயன்ஸ் அணி வந்தபோது விடை ஒரு தண்ணீர்ப் புட்டியின் வடிவில் தெரிந்தது. ஆட்ட நடுவே உள்ளே சென்று வீரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவருக்கு அனுமதி உண்டு. முதல் டெஸ்டில் அந்தத் தண்ணீர்க்காரராக, அரைக்கால் சட்டையும் மார்பில் எண் போட்ட மேற்சட்டையுமாக இறங்கியவர் உலகக் கோப்பை வென்ற ராஸி எராஸ்மஸ். கூரை விளக்கின் இடத்தில் இப்போது தண்ணீர்ப் புட்டி. செய்தி ஆளோடு சேர்ந்தே உள்ளே போகிறது. அடுத்த ஆண்டே, அணியின் இயக்குநரோ தலைமைப் பயிற்சியாளரோ தண்ணீர் கொண்டு போகக் கூடாது என்று உலக ரக்பி அமைப்பு விதி போட்டுவிட்டது. ஒரு தனி மனிதரை மனத்தில் வைத்து எழுதிய விதி என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அந்தத் தொடரில் அவர் செய்த இன்னொன்றை என்னால் இரசிக்க முடியவில்லை. முதல் டெஸ்டில் 22-17 என்று தோற்ற பிறகு, நடுவர் நிக் பெர்ரி எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாக வெட்டிக் காட்டி, அவர் பேசிப் பதிவுசெய்த 62 நிமிடக் காணொளி இணையத்தில் வெளியாயிற்று. வெட்டிப் பார்க்கும் அதே பழைய பழக்கம்தான். தன் அறையில் தன் ஆட்டக்காரர்களுக்குக் காட்ட வேண்டியதை உலகத்துக்கே காட்டியபோது, அந்தத் திறமை ஒரு தனி மனிதரின் மீது திருப்பிய ஆயுதமாகிவிட்டது. அவர் சுட்டிக்காட்டிய தவறுகளில் சில உண்மையாகவே தவறுகளாக இருக்கலாம். நடுவரால் பதிலுக்கு ஒரு காணொளி வெளியிட முடியாதே! விசாரணைக் குழு ஆறு குற்றச்சாட்டுகளிலும் எராஸ்மஸைக் குற்றவாளி என்றது: இரண்டு மாதம் ரக்பியின் எந்த வேலையிலும் ஈடுபடத் தடை, 2022 செப்டம்பர் முடியும் வரை ஆட்ட நாட்களில் அணியோடு இருக்கத் தடை. இதற்கிடையில் தென்னாப்பிரிக்கா அடுத்த இரு டெஸ்ட்களையும் வென்று தொடரை 2-1 என்று கைப்பற்றியது. கடைசி ஆட்டத்தைத் தீர்மானித்தது மோர்னே ஸ்டெய்னின் பெனால்டி உதை. 2009-இல் அதே லயன்ஸை அதே விதமாக முடித்துவைத்தவரும் அவர்தான்.

தடைக் காலம் அவரை மாற்றியதா என்றால், குறும்பு அடங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது முடிந்த சில வாரங்களிலேயே, நடுவர்களைக் குத்திக்காட்டுவது போன்ற ட்விட்டர் பதிவுகளுக்காக இன்னொரு முறை தண்டிக்கப்பட்டார். ஆனால் அவருடைய கவனம் மீண்டும் விதிப்புத்தகத்துக்குத் திரும்பியது. 2023 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், மார்செய்லில் ஸ்காட்லாந்துக்கு எதிராக, பயிற்சியாளர் மாடத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சிறு விளக்குகள் தெரிந்தன. காயங்களின் தன்மையைப் பற்றிக் கீழே உள்ள மருத்துவக் குழுவோடு பேசிக்கொள்ளத்தான் என்று அணித் தரப்பு விளக்கியது. ப்ளூம்ஃபோன்டெய்ன் கூரையை நினைவு வைத்திருந்தவர்கள் அந்த விளக்கத்தைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த உலகக் கோப்பையில் அவரும் நீனாபரும் ஆடிய சூதாட்டத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. அணியின் முதன்மையான ஹூக்கர்களில் ஒருவரான மால்கம் மார்க்ஸ் முழங்காலில் அடிபட்டு ஊர் திரும்பினார். ஹூக்கர் என்பவர் ஸ்க்ரமின் நடுமுனை, பந்து பக்கக் கோட்டைத் தாண்டிய பின் இரு அணி வரிசைகளுக்கு நடுவே அதை எறிந்து ஆட்டத்தைத் தொடரும் லைன்அவுட்டில் எறிபவர்; வேறு யாரையும் அந்த இடத்தில் நிறுத்திவிட முடியாது. அவருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரை அழைப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்க்க, அழைத்ததோ பந்தை உதைத்து ஆட்டத்தை நடத்தும் ஃப்ளைஹாஃபான ஹான்ட்ரே பொலார்டை. மிஞ்சியது ஒரே ஹூக்கர், போங்கி ம்போனாம்பி. காலிறுதியில் ஒரு புள்ளி. அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, மீண்டும் ஒரு புள்ளி. மாற்று வீரராக இறங்கிய பொலார்ட் 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ ஐம்பது மீட்டரிலிருந்து உதைத்த பெனால்டி. நியூசிலாந்துக்கு எதிரான இறுதியாட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே ம்போனாம்பி கால் பிசகி வெளியேறினார். எஞ்சிய முழு ஆட்டத்துக்கும் ஹூக்கராக நின்றவர் 37 வயதான டியான் ஃபோரி, ஃப்ளாங்கராக ஆடிவந்தவர், எப்போதோ பழைய காலத்தில் ஹூக்கராக இருந்தவர். பெஞ்சில் ஏழு முன்கள வீரர்கள், ஒரே ஒரு பின்கள வீரர். லைன்அவுட்டுகள் கை நழுவின. கணக்கு தப்பிவிட்டது என்றே நானும் நினைத்தேன். ஆட்டம் 12-11 என்று முடிந்தது. அந்த 12 புள்ளிகளும் நான்கு பெனால்டிகள், நான்கையும் உதைத்தவர் பொலார்ட். ஹூக்கருக்குப் பதிலாக வந்தவர்.

அடுத்த ஆண்டு உலக ரக்பி அமைப்பு, ஃப்ரீ கிக் கிடைத்தவர் ஸ்க்ரமைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று விதியைத் திருத்தியது. வில்லம்சே செய்ததை இனி யாரும் செய்ய முடியாது. நீனாபர் அயர்லாந்துக்குப் போய்விட, 2024-இல் எராஸ்மஸ் மீண்டும் தலைமைப் பயிற்சியாளராகி, தாக்குதல் ஆட்டத்துக்கு நியூசிலாந்துக்காரரான டோனி பிரவுனைக் கொண்டுவந்தார். கனத்தையே நம்பிய அணி பந்தைக் கையால் கடத்தி ஆடக் கற்றுக்கொண்டது. 2024-இலும் 2025-இலும் தென்கோள நாடுகளின் ரக்பி சாம்பியன்ஷிப் அவர்களுக்கே. 2025 செப்டம்பரில் வெலிங்டனில் நியூசிலாந்தை 43-10 என்று தோற்கடித்தார்கள். நியூசிலாந்தின் டெஸ்ட் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி அது. எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த 57-0 கணக்கு அன்று கொஞ்சமாவது தீர்ந்திருக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, அதற்கு இரண்டு மாதம் முன்பு கெபேஹாவில் இத்தாலிக்கு எதிராக நடந்தது. டெஸ்பாச்சிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய நகரம். ஆட்டத்தின் முதல் உதை. மானி லிபோக் பந்தை நெடுந்தூரம் உதைக்க வேண்டிய இடத்தில் மெல்லத் தட்டிவிட்டார்; உதைப்பவருக்கு முன்னால் நிற்கவே கூடாத ஆந்த்ரே எஸ்டர்ஹைசன் முன்னால் நின்று அதைப் பிடித்தார். தெரிந்தே செய்த தவறு. அதற்குத் தண்டனை, எதிரணிக்கு ஒரு ஸ்க்ரம். ஆட்டம் தொடங்கிய மறு நொடியிலேயே ஸ்க்ரம் வேண்டும், அதை யார் போட்டால் என்ன என்பதுதான் கணக்கு. அதே ஆட்டத்தில், லைன்அவுட்டில் செய்வது போல நட்ட நடுக் களத்தில் ஓர் ஆளைத் தூக்கி, பந்தை அவரிடம் கொடுத்து, இறங்கியதும் அவரைச் சுற்றி மால் கட்டிக்கொண்டு, அதாவது பந்து வைத்திருப்பவரோடு நின்றபடியே பிணைந்துகொண்டு, தள்ளினார்கள். பள்ளி அணியொன்று ஆடியதைப் பார்த்து எடுத்துக்கொண்ட உத்தி அது. இறுதிக் கணக்கு 45-0.

அந்த முதல் உதையின்போது நான் காணொளியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மூன்று முறை பார்த்தேன். இத்தாலிய வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நடுவர் ஊதுகிறார். தென்னாப்பிரிக்க முன்களத்தார் மட்டும், யாரும் எதுவும் சொல்லாமலேயே, ஸ்க்ரம் கட்டும் இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.